சங்ககிரிக் கோட்டை: திப்புவுக்குப் பிறகு நடந்தது என்ன?

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு சங்ககிரி மலை ஏறினோம். அடிவாரத்தில் ஒருவர், எல்லாமே திப்பு சுல்தான் கட்டியது என்றார். மேலே பார்த்த இன்னொருவர், அதெல்லாம் இல்லை, விஜயநகரத்து ராஜாக்கள் கட்டியது என்றார். வீட்டுக்கு வந்து தேடினால், கடைசிச் சுவரை வெள்ளைக்காரன்தான் கட்டினான் என்று போட்டிருக்கிறது. எனக்கு அதுதான் பொருந்தவில்லை. கோட்டை அவன் கைக்கு வந்துவிட்டது, சண்டையும் முடிந்துவிட்டது. அப்புறம் எதற்கு மறுபடியும் சுவர்?

ஜூலை 26

உங்களுக்குச் சொன்ன மூன்று பேருமே ஆளுக்கு ஒரு பகுதியைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆரம்பம் விஜயநகர காலம், 15ஆம் நூற்றாண்டு. பிறகு கை மாறி மாறி மைசூரிடம் போனது. ஹைதர் அலிக்கும் திப்புவுக்கும் இது பெரிய படைத்தளம். கொங்கு நாட்டு வரியைச் சேர்த்து வைத்த இடமும் இதுதான். மலையில் ஒரு பக்கம்தான் ஏறத் தோதானது, மற்ற பக்கங்கள் செங்குத்து. பணத்தையும் தானியத்தையும் வெடிமருந்தையும் வைத்துக் காக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

சண்டை முடிந்துவிட்டது என்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. சங்ககிரி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது 1792ல். அப்போது சண்டை முடியவில்லை, நின்றிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு தன் ராஜ்யத்தில் பாதியை விட்டுக் கொடுத்தார். சேலம், பாராமகால் (கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரம்), நாமக்கல் பக்கமெல்லாம் கம்பெனிக்குப் போனது. ஆனால் கோயமுத்தூர் சீமை போகவில்லை. அது கம்பெனி வசம் வந்தது 1799ல், திப்பு இறந்த பிறகு.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். இடையில் இருந்த அந்த ஏழு வருடம் காவிரிதான் எல்லை. இந்தக் கரையில் கம்பெனி, அந்தக் கரையில், அதாவது பவானி, ஈரோடு பக்கம், திப்பு. சங்ககிரியில் இருந்து ஆறு அரை நாள் நடைதான். எதிரி எந்தக் கோடையிலும் ஆற்றைத் தாண்டி வரலாம் என்ற நிலையில், எல்லையில் இருக்கிற மலைக்கோட்டையைக் கம்பெனிக்காரன் சும்மா விட்டிருப்பானா?

ஜூலை 26, இரவு

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்தில் திப்பு மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தர வேண்டும், பணம் கட்டி முடிக்கும் வரை இரண்டு மகன்கள் கம்பெனியிடம் பிணை. இப்படி அவமானப்பட்டவர் சும்மா இருக்க மாட்டார் என்று இந்தப் பக்கம் இருந்த ஒவ்வொரு அதிகாரிக்கும் தெரியும். அன்றைக்கு இங்கே நிர்வாகம் பார்த்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் ராணுவக்காரர்கள்தான். விவசாயியிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையை முதலில் செய்து பார்த்தது இந்த மண்ணில்தான் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். நிலம் அளந்து வரி போட்ட அந்த வேலை முழுவதும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு படை நிற்கிறது என்ற நினைப்போடு நடந்தது. அதைப் பாடத்தில் யாரும் சொல்வதில்லை.

ஜூலை 28

மேட்டூர்க்காரர் ஒருவர், சுண்ணாம்பும் செங்கல்லும் இருந்தால் வெள்ளைக்காரன் சுவர், வெறும் கல் என்றால் பழைய சுவர், அவ்வளவுதானே என்று கேட்டிருக்கிறார். அவ்வளவு சுலபம் இல்லைங்க. மைசூர்க்காரர்களும் செங்கல்லும் சுண்ணாம்பும் தாராளமாகப் போட்டவர்கள்தான். காரையைப் பார்த்து மட்டும் முடிவு செய்தால் பாதி இடத்தில் ஏமாந்துபோவோம்.

நான் அடிவாரத்தில் வளர்ந்தவன். அப்பாவுக்கு லாரி பட்டறை. பள்ளிக்கூடம் விட்டால் பெரியப்பா பிள்ளைகளோடு மலைக்கு ஓடிவிடுவோம். அப்போதெல்லாம் சுவர் என்றால் ஏறிக் குதிக்கிற சுவர், அவ்வளவுதான். வளர்ந்த பிறகு, பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற கொத்தனார் ஒருவரோடு ஏறினேன். அவர் நடந்துகொண்டே தடவிப் பார்த்துச் சொன்ன மாதிரி எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவரிடம் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் சுவரின் நடுவைப் பார்க்காதீர்கள், சேருகிற இடத்தைப் பாருங்கள். ஒரே காலத்தில் கட்டிய இரண்டு சுவர் மூலையில் சந்தித்தால், கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பல் கோத்த மாதிரி போகும். பின்னால் வந்தவன் கட்டிய சுவர் பழைய சுவரின் மேல் சும்மா முட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் மேலிருந்து கீழ் வரை நேர்க்கோடாக ஒரு இடுக்கு தெரியும். எது முந்தி எது பிந்தி என்பதற்கு அந்த இடுக்கு போதும்.

இரண்டாவது, கல்லின் அளவு. பழைய வேலையில் பெரிய பெரிய கல், சாந்தே இல்லாமல் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிந்தைய வேலையில் சின்னக் கல், இடையிடையே சில்லு, தாராளமாகச் சாந்து. பெரிய கல்லை ஏற்ற ஆள் வேண்டும், நாள் வேண்டும். அவசரமாகக் கட்டுகிறவனுக்கு இரண்டும் இருக்காது.

மூன்றாவது, சுவரில் இருக்கிற துளை. துப்பாக்கிக்கு வைத்த துளை வெளிப்பக்கம் குறுகலாகவும் உள்பக்கம் அகலமாகவும் இருக்கும். உள்ளே நிற்பவன் இடமும் வலமும் திரும்பிச் சுட வேண்டுமே. சில துளைகள் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அவை ஏறி வருகிறவனைச் சுடுவதற்கு. குனிந்து அந்தத் துளை வழியாகப் பாருங்கள், எந்தப் பாதையைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். இன்றைக்கு நாம் ஏறி வரும் பாதையைப் பார்க்கிற துளையும் உண்டு, இப்போது வெறும் புதராக இருக்கிற சரிவைப் பார்க்கிற துளையும் உண்டு. பின்னதுதான் எனக்குப் பிடித்தது. அந்தப் புதருக்குள் ஒரு காலத்தில் பயப்பட வேண்டிய ஒரு வழி இருந்திருக்க வேண்டும்.

ஜூலை 31

கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலையை இந்தச் சங்ககிரியில் தூக்கிலிட்ட நாளைப் பற்றி இரண்டு பேர் சூடாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் 1805 ஜூலை 31 என்கிறார். இன்னொருவர், ஆடிப்பெருக்கு அன்றுதான், அது ஆகஸ்ட் 2 அல்லது 3ல் வரும், ஆகவே ஜூலை 31 தப்பு என்கிறார். சண்டையே வேண்டாம், இரண்டும் ஒரே நாள்.

நம்முடைய மாதக் கணக்கு நட்சத்திரத்தை வைத்தது. ஆங்கிலக் காலண்டர் பருவத்தை வைத்தது. இரண்டுக்கும் வருடத்துக்குச் சில நிமிடம் வித்தியாசம், அது சேர்ந்து சேர்ந்து ஏறக்குறைய அறுபது வருடத்துக்கு ஒரு நாள் ஆகிறது. இன்றைக்குச் சித்திரை 1 ஏப்ரல் 14ல் வருகிறது. 1805 வாக்கில் அது ஏப்ரல் 11ஐ ஒட்டி வந்தது. அதே மூன்று நாளை ஆடி 18லும் கழித்தால் ஜூலை 31. ஊர் நினைவில் வைத்திருக்கிற ஆடி 18ம், வெள்ளைக்காரன் காகிதத்தில் இருக்கிற தேதியும் இவ்வளவு அழகாகப் பொருந்துவது எனக்கு மிகுந்த சந்தோஷம். ஊர் நினைவை லேசாக எடுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சின்னமலையின் கதையில் சங்ககிரி கடைசியில் மட்டும் வரவில்லை. மைசூருக்குப் போகிற வரிப்பணத்தை இளவயதில் மறித்துப் பிடுங்கி, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகப் போய்ச் சொல் என்று அனுப்பினார் என்பார்கள். அந்த வரி சேர்கிற இடமாக இருந்த கோட்டை இதுதான். பிறகு அவரே திப்புவோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்தார். திப்பு இறந்த பிறகும் விடவில்லை. 1801ல் காவிரிக்கரை, 1802ல் ஓடாநிலை, 1804ல் அரச்சலூர். நேர்ச்சண்டையில் பிடிக்க முடியாமல் கடைசியில் காட்டிக்கொடுத்துத்தான் பிடித்தார்கள். தம்பிமாரோடு இங்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள்.

ஆகஸ்ட் 3

இன்றைக்கு ஆடிப்பெருக்கு. காலையில் சின்னமலை நினைவிடத்துக்குப் போய்விட்டு வந்தேன். நல்ல கூட்டம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பையன் தன் மாமாவிடம், அவரு ஊரு காங்கேயம் பக்கம்தானே மாமா, ஏன் இவ்வளவு தூரம் கூட்டியாந்தாங்க என்று கேட்டான். மாமா, அந்தக் காலத்துல ஜெயில் இங்கதான் இருந்துச்சு என்று சொல்லி முடித்துவிட்டார்.

என் பதில் இது. ஓடாநிலையில் சின்னமலை ஒரு கோட்டை கட்டியிருந்தார், அதைக் கம்பெனி தரைமட்டம் ஆக்கிவிட்டது. 1801 டிசம்பரில் மெட்ராஸ் கவர்னர் எட்வர்டு கிளைவ், பாளையக்காரர்களும் அவர்கள் ஆட்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அறிக்கை போட்டிருந்தார். அவர்களுடைய கோட்டைகளை எல்லாம் இடிக்கிற காலம் அது. ஊரில் யாருடைய கோட்டையும் நிற்கக் கூடாது, தங்களுடையது மட்டும் நிற்க வேண்டும். அப்படி நின்ற கோட்டை சங்ககிரி. காங்கேயத்திலோ ஓடாநிலையிலோ தூக்குமரம் நட்டால் அவருடைய சனம் சுற்றி நிற்கும். இங்கே சுற்றி நின்றது கம்பெனிச் சிப்பாய். அதோடு, கொங்கு நாட்டுக்காரன் எவனுக்கும் வரி கட்டும் இடமாகப் பெயர் தெரிந்த மலை இது. செய்தி சீக்கிரம் பரவும். பயத்தைக் காட்டுவதற்கு இடம் தேர்ந்தெடுத்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 10

அப்புறம் என்ன ஆச்சு என்று பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நம் ஊரில் கோட்டைக் கதை 1799லோ 1805லோ முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஏதோ ஒரு நாள் தானாகப் பாழடைந்த மாதிரி பேசுவோம். ஆனால் 1805க்குப் பிறகும் இந்தப் பக்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் படை இருந்திருக்கிறது. 1799ல் சங்ககிரியில் நிறுத்தியிருந்த கம்பெனிப் படையில் ஆரம்பித்து, 1861 வரை சேலம் ஒரு ராணுவ நிலையம். விஜயநகரம் எவ்வளவு காலம், திப்பு எவ்வளவு காலம் என்று விரல் விட்டு எண்ணுகிறோமே, திப்பு மைசூரை ஆண்டது பதினேழு வருடம்தான். கம்பெனிச் சிப்பாய் இருந்தது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

மலையில் இருக்கிற நிர்வாகக் கட்டடங்களும் கல்லறைகளும் அந்தக் காலத்தைச் சொல்பவை. சண்டையே இல்லாத கோட்டையில் சிப்பாய்க்கு என்ன வேலை? கஜானாவுக்குக் காவல். கைதிக்குக் காவல். பணப்பெட்டி ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போனால் கூடப் போவது. வெடிமருந்துக் கிடங்கில் ஈரம் ஏறாமல் பார்ப்பது. சித்திரை வெயிலில் அந்தப் பாறை எப்படிக் கொதிக்கும் என்று ஏறியவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டுச் சாமான் முழுவதும் கீழிருந்து மேலே வர வேண்டும். சுமந்து ஏறியவர்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்கள் பேர் எந்தக் கல்லிலும் இல்லை. என் மனதில் அதிகம் நிற்பது அவர்கள்தான்.

சரி, ஏன் முடிந்தது? யாரும் முற்றுகை போடவில்லை. சுற்றிலும் எதிரி இல்லாமல் போனது ஒரு காரணம். 1861ல் ரயில் சேலத்துக்கு வந்தது. மறு வருடமே மெட்ராஸிலிருந்து மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை தண்டவாளம் ஓடியது. 1864ல் பெங்களூருக்கும் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் போனது. பெரிய படை முகாமிலிருந்து ஒரு பட்டாளத்தை ஒரே நாளில் கொண்டுவந்து இறக்க முடியும் என்றால், மலைக்கு மலை நூறு பேரை வைத்துச் சோறு போட எந்த அரசாங்கம் சம்மதிக்கும்? சங்ககிரி ரயில் நிலையத்தின் பேரில் துர்க்கம், அதாவது கோட்டை, என்று சேர்த்துக்கொண்டார்கள். கோட்டைக்கு இருந்த வேலையை அந்த ரயிலே எடுத்துக்கொண்டது.

ஆகஸ்ட் 11

நேற்று ரயிலை முன்னால் வைத்து எழுதினேன். யோசித்துப் பார்த்தால் போலீஸைத்தான் முன்னால் வைக்க வேண்டும். மெட்ராஸ் மாகாணத்துக்கான போலீஸ் சட்டம் வந்தது 1859ல். அதுவரை கஜானா வாசலில் நின்றதும் கைதிகளைக் காத்ததும் பெரும்பாலும் ராணுவச் சிப்பாய். புதிய போலீஸ் வந்து அந்த வேலைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. 1857ல் வடக்கே நடந்த சிப்பாய்க் கலகத்தைப் பார்த்துவிட்டு, சிப்பாய்களை எங்கே எவ்வளவு வைப்பது என்று பிரிட்டிஷ் அரசாங்கமே மறுபடி கணக்குப் போட்ட நேரம். மலைமேல் இருந்த சிப்பாயின் அன்றாட வேலை போலீஸிடம் போனது, அவசர வேலை ரயிலிடம் போனது. அதற்குமேல் அவன் அங்கே நிற்க ஒரு காரணமும் மிச்சமில்லை.

ஆளில்லாத கோட்டை சீக்கிரம் கெடும். மழைத்தண்ணீர் போக வழி பார்த்து இலையும் மண்ணும் எடுக்க ஆள் வேண்டும். அது நின்றால் முதல் மழையிலேயே தண்ணீர் சுவருக்குள் இறங்கும். அரசும் ஆலும் காரையில் வேர் விடும். மரக்கதவும் உத்தரமும் முதலில் காணாமல் போகும், கூரை உட்காரும். இன்றைக்கு மேலே நாம் பார்க்கிற கூரையில்லாத அறைகளைப் பீரங்கி உடைத்தது என்று சொல்கிறவர்கள் தரையைப் பாருங்கள். குண்டு பட்ட சுவருக்கு முன்னால் கல் சிதறிக் கிடக்கும். உத்தரம் உளுத்து விழுந்த கூரை அறைக்குள்ளேயே குவிந்து கிடக்கும்.

ஆகஸ்ட் 23

பேச்சு ஆத்தூருக்குப் போய்விட்டது, போகட்டும். ஆத்தூர்க் கோட்டை மலைக்கோட்டை இல்லை, தரைக்கோட்டை. வசிஷ்ட நதியை ஒட்டி இருக்கிறது, அந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். அங்கேயும் கம்பெனிப் படை இருந்தது. சங்ககிரியைப் பார்த்தவர்கள் அதையும் போய்ப் பாருங்கள். மலை இயற்கையாகத் தந்ததை அங்கே ஆறும் மதிலும் சேர்ந்து தர வேண்டியிருந்தது என்பது ஒரு சுற்று நடந்தாலே புரியும்.

சேலத்துக் கோட்டையைப் பற்றி ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். கோட்டை மாரியம்மன் இருக்கிறாள், கோட்டைப் பெருமாள் இருக்கிறார், கோட்டை எங்கே என்று. நியாயமான வருத்தம். திருமணிமுத்தாறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது, அதில் கோட்டைப் பகுதிதான் சேலத்திலேயே பழைய பகுதி. 1768ல் கம்பெனியின் கர்னல் வுட் பிடித்து, பிறகு ஹைதர் திரும்பப் பிடித்த ஊர் இது. ஊருக்கு நடுவில் இருக்கிற கோட்டைக்கு இடம்தான் விரோதி. ரோடு வேண்டும், கடை வேண்டும், ஆபீஸ் வேண்டும். மலைமேல் யாருக்கும் மனை வேண்டியதில்லை, அதனால் சங்ககிரி பிழைத்தது.

செப்டம்பர் 6

போன வாரம் ஏற்காடு போயிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மாவட்டத்துப் படைக் கட்டடங்கள் என்று பட்டியல் போட்டால், சேர்வராயன் மலையில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. கிரேஞ்ச் எஸ்டேட் பங்களா.

1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தது. காப்பியையும் பேரிக்காயையும் அந்த மலைக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அது குடியிருக்கக் கட்டிய வீடு, காப்பித் தோட்டத்து வீடு. ஆனால் 1857 வந்ததும் அதற்கு அரண் எழுப்பி, மேலே பீரங்கி ஏற்றி, அடியில் நிலவறை தோண்டி, ஆறு மாதத்துக்கு வேண்டிய சாமானை நிரப்பி வைத்தார்கள் என்பது ஏற்காட்டில் எல்லோரும் சொல்லும் செய்தி.

இதைச் சங்ககிரியோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். சேலத்தில் அப்போது படை இருக்கிறது. மலைக்கோட்டை இருக்கிறது. இருந்தும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒளிய நினைத்தது ஒரு எஸ்டேட் பங்களாவில். ஏன்? அந்த வருடம் அவர்கள் பயந்தது வெளியிலிருந்து வரும் படைக்கு இல்லை, கோட்டைக்குள் இருக்கிற தங்கள் சொந்தச் சிப்பாய்க்கு. கோட்டையே பயமாகிவிட்டால் கோட்டையால் என்ன பிரயோசனம்? சங்ககிரி மாதிரிக் கோட்டைகளின் ஆயுள் அன்றைக்கே முடிந்துவிட்டது என்று எனக்குப் படுகிறது. 1861 வெறும் காகிதத்தில் முடிந்த வருடம். சேலம் பக்கம் குண்டு எதுவும் வெடிக்கவில்லை, நிலவறைச் சாமானுக்கு அவசரமும் வரவில்லை.

பள்ளிக்கூட ஆசிரியரே, மாணவர்களுக்கு எதை முதலில் காட்டட்டும் என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? சங்ககிரியில் சுவர் சேரும் இடுக்கைக் காட்டுங்கள். ஆனால் கையால் காரையைச் சுரண்ட விடாதீர்கள். சுண்ணாம்பு ஒருமுறை உதிர்ந்தால் அந்த இடத்தில் மழை இறங்கிவிடும்.

செப்டம்பர் 7

எப்போது ஏறலாம் என்று கேட்டவர்களுக்கு: விடியற்காலையில் ஆரம்பித்துவிடுங்கள், வெயில் ஏறுவதற்குள் உச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போய்விடலாம். மேலே கடை கிடையாது, தண்ணீர் கையோடு கொண்டு போக வேண்டும். மழை பெய்த மறுநாள் வேண்டாம், பாறை வழுக்கும். செருப்பைவிட ஷூ நல்லது. மேலே போனதும் முதலில் மேற்கே திரும்பிக் காவிரி இருக்கிற திசையைப் பாருங்கள், 1792ல் காவலுக்கு நின்றவன் பார்த்த பக்கம் அது. சுவர் இடுக்குகளைப் படம் எடுத்தால் எந்த வாசலுக்கு மேலே என்பதையும் எழுதி அனுப்புங்கள். வாசல்வாரியாகப் பிரித்து வைத்தால், எந்தச் சுவர் எதற்குப் பிந்தியது என்று வரிசைப்படுத்திவிடலாம். அந்தக் கொத்தனாரும் உட்கார்ந்து பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.